தட்டணு கூடினாலும் கவனியுங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் விழுப்புரம், திண்டிவனம் டீக்கடைகளில்கூட 'பிளேட்லெட்' என்னும் தட்டணுப் பேச்சுதான். டெங்குவில் ஐம்பதாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டதாம் என்று பதறுகிறோம், பப்பாளி இலை தேடி அலைகிறோம். குறைந்தால் ஆபத்து என்பது ஊருக்கே தெரியும். கூடினால் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

முண்டியம்பாக்கம் பக்கம் கரும்பு வெட்டுகிறவரின் கையைத் தோகை கிழிக்கிறது. ரத்தம் துளிர்க்கிறது, சற்று நேரத்தில் நின்றும் விடுகிறது. கிழிசலில் ஓடி வந்து ஒட்டி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அடைத்தவை தட்டணுக்கள். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இவற்றுக்கு உட்கரு இல்லை. ஆயுள் அதிகம் போனால் பத்து நாள்தான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும்.

இந்த நல்ல குணத்தைத்தான் புற்றுநோய் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் இறங்கும் செல்லை நம் எதிர்ப்பணுக்கள் கண்டால் கொன்றுவிடும். தட்டணுக்களோ அதைச் சுற்றி ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் போர்வைக்குள் பதுங்கியபடியே அது நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போய்ச் சேர்கிறது. சில கட்டிகள் தட்டணு உற்பத்தியையும் தூண்டிவிடுகின்றன.

ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவுக்கும் புற்றுக்கும் உள்ள உறவின் தடயம் பழையது. காரணம் தெரியாமல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தால் உள்ளே புற்று இருக்கலாம் என்று பாரிஸ் மருத்துவர் அர்மான் துரூசோ 1865லேயே சொன்னார். பிறகு தம் உடம்பிலேயே அந்த அறிகுறியைக் கண்டார். 1867இல் இரைப்பைப் புற்றால் இறந்தார்.

இங்கிலாந்தில் 2017இல் வந்த எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வு, நாற்பது வயது கடந்தவர்களைப் பார்த்தது. 4 லட்சத்தைத் தாண்டினாலே தட்டணு கூடுதல் என்று அது எடுத்துக்கொண்டது. அப்படித் தாண்டிய ஆண்களில் நூற்றுக்கு 11.6 பேருக்கும் பெண்களில் 6.2 பேருக்கும் ஓராண்டுக்குள் புற்று தெரியவந்தது. இயல்பான அளவு இருந்தவர்களில் அது 4.1, 2.2 மட்டுமே. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2015இல் இன்னும் உள்ளே போனார்கள். கட்டியோடு பழகிய தட்டணுவுக்குள் ஆர்.என்.ஏ. மாறிவிடுகிறது. 283 பேரின் ரத்தத்தில் அதைப் படித்து, புற்று உள்ளவரையும் இல்லாதவரையும் 96 சதவீதம் சரியாகப் பிரித்தார்கள்.

இரும்புச்சத்துக் குறைந்தாலும் கிருமித் தொற்று வந்தாலும் தட்டணு கூடும். அதனால் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். மறுபடி பார்த்தும் இறங்கவில்லை, உடம்பு இளைக்கிறது, இருமல் விடவில்லை, மலத்தில் ரத்தம் என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ உடனே போங்கள். போகும்போது, போன வருஷம் காய்ச்சலுக்கு எடுத்து பீரோவில் போட்டு வைத்த பழைய சி.பி.சி. (ரத்த அணு எண்ணிக்கை) தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.