வலி வேறு, வேதனை வேறு

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவருக்கு முதுகு வலிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. "எம்.சி. எடுக்க நடிக்கிறார்" என்கிறார்கள். அதே ஆள் தைப்பூசத்தன்று அலகு குத்தி, முகம் சுளிக்காமல் தண்ணீர்மலை ஏறுகிறார். அப்படியென்றால் முதுகு வலி பொய்யா?

இல்லை. வலிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. எங்கே, எவ்வளவு வலிக்கிறது என்ற உணர்வு ஒன்று. அதனால் மனம் படும் வேதனை மற்றொன்று.

1997-இல் கனடாவின் மொன்றியல் ஆய்வாளர்கள் இதைப் படம்பிடித்தார்கள். தன்னார்வலர்களின் கையைச் சுடுநீரில் வைத்து, மனோவசியத்தின் மூலம் வேதனையை மட்டும் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். நீரின் சூடு மாறவில்லை. பெட் ஸ்கேனில், தொடுஉணர்வுப் பகுதியின் இயக்கம் மாறாமல் இருந்தது. மூளையின் உட்புறத்தில், முன்பக்கமாக உள்ள சிங்குலேட் பகுதியின் இயக்கமோ வேதனைக்கு ஏற்ப மாறியது.

வேண்டுதலோடு ஏற்கும் வலியை மனம் தாங்கிக்கொள்கிறது. வேலை போய்விடுமோ என்ற பயம் வேதனையைப் பெருக்குகிறது.

ஸ்கேன் எடுத்தே நடிப்பைக் கண்டுபிடிக்கலாமே? முடியாது. அனைத்துலக வலி ஆய்வுச் சங்கத்தின் குழு, வலியை நிரூபிக்கும் அளவுக்கு மூளைப் படம் நம்பகமானதல்ல என்று 2017-இல் கூறியது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று 2020-இல் அச்சங்கமே வலியுறுத்தியது.

ஆகவே, வீட்டில் யாராவது வலிக்கிறது என்றால் "ஒன்றுமில்லை" என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அருகில் அமர்ந்து, சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.