எக்ஸ்எம்எல் மரத்தில் ஒரே மட்டம்

ஷேக்ஸ்பியர் நாடகங்களை எக்ஸ்எம்எல்லில் குறியிட்டு எல்லோரும் எடுத்துக்கொள்ளத் தந்தவர் ஜான் போசாக். எக்ஸ்எம்எல்லை வகுத்த டபிள்யூ3சி குழுவின் தலைவராக இருந்தவரும் அவரே. அவருடைய ஹாம்லெட் கோப்பில் நாடகம்தான் வேர் உறுப்பு. அதற்குள் பாத்திரப் பட்டியலும் அங்கங்களும், அங்கத்துக்குள் காட்சிகள், காட்சிக்குள் வசனங்கள், வசனத்துக்குள் வரிகள்.

பாத்திரப் பட்டியலில்தான் சுவாரசியம். கிளாடியஸும் ஹாம்லெட்டும் பட்டியலின் நேர்ப் பிள்ளைகள். ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன் முதலிய அரசவையினரை ஒரு குழு உறுப்புக்குள் வைத்திருக்கிறார் போசாக். டேகின் பெயர் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் குழுவில் இருப்பவர்கள் ஒரு தலைமுறை கீழே. பெயரைச் சொல்லித் தேடினால் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். மட்டத்தைச் சொல்லித் தேட வேறு வழி வேண்டும்.

அதற்கு எக்ஸ்பாத் என்ற தேடல் மொழி இருக்கிறது. 1999 நவம்பரில் வெளியான முதல் பதிப்பே போதும். அதில் ஒவ்வொரு சாய்கோடும் ஒரு படி கீழே இறக்கும். உடுக்குறி போட்டால் உறுப்பின் பெயர் எதுவானாலும் சரி என்று பொருள். ஆகவே /*/*/* என்று எழுதினால் மூன்றாம் மட்டம் முழுவதும் கைக்கு வரும்: கிளாடியஸ், அரசவையினர் குழு, அங்கங்களின் தலைப்புகள், காட்சிகள் முதலியவை. ரோசன்கிரான்ட்ஸும் குழுவில் உள்ள மற்றவர்களும் வரமாட்டார்கள்.

மட்டத்தின் எண் கோப்பில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஓர் உறுப்புக்கு மேலே எத்தனை மூதாதை உறுப்புகள் என்று எண்ணித்தான் அதை அறிய வேண்டும். வேருக்குச் சுழியம் என்று தொடங்குவதால், மூன்றாம் மட்டத்தில் உள்ள காட்சிக்கு இரண்டு. மட்டம் முன்கூட்டித் தெரியாமல் நிரல் ஓடும்போதுதான் தெரியவரும் என்றால், சாய்கோடுகளை அடுக்குவதைவிட இப்படி எண்ணுவதே நல்லது.

எக்ஸ்பாத்தில் உடன்பிறப்புகளைத் தேடும் அச்சை (மரத்தில் தேடல் நகரும் திசையை) இதற்குப் பயன்படுத்த நினைப்பவர்கள் பலர். அது ஒரே பெற்றோரின் பிள்ளைகளை மட்டுமே தரும். முதல் அங்கத்தின் காட்சிக்கு இரண்டாம் அங்கத்தின் காட்சி ஒன்றுவிட்ட உறவு. அந்த அச்சில் அகப்படாது.

மிக ஆழமான மட்டம் எது என்று கேட்டால் முதல் பதிப்பு திணறும். பெருமம் காணும் சார்பு அதில் இல்லை. 2007இல் வந்த 2.0 அந்தக் குறையைத் தீர்த்தது.

மரத்தை நினைவகத்தில் கட்ட முடியாத அளவு பெரிய கோப்பு என்றால், சாக்ஸ் முறையில் வரிசையாகப் படித்துக்கொண்டே போகலாம். தொடக்க டேக் வந்தால் ஒன்றைக் கூட்டு, முடிவு டேக் வந்தால் ஒன்றைக் கழி. தொடக்க டேகில் ஒன்றைக் கூட்டுவதற்கு முன் உள்ள தொகை வேண்டிய மட்டத்தைத் தொட்டால், அந்த உறுப்பை எடுத்துக்கொள்.