அட்மிட் ஆன பிறகு ‘நம்ம டாக்டர்’ யார்? வார்டுக்குள் நடப்பது என்ன?

ஏலகிரியில் ஒருவருக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை போட்டும் இறங்கவில்லை, மூச்சு வேறு வாங்குகிறது. 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மறுநாள் காலைக்குள் நான்கு டாக்டர்கள் வந்து பார்த்துவிடுகிறார்கள். நான்கு பேரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகள். வெளியே நிற்கும் மகனுக்குக் குழப்பம்: “இதுல நம்ம டாக்டர் யாரு?”

தனி ஒருவர் இல்லை, ஒரு ‘யூனிட்’ என்பதுதான் பதில். மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனைகளில் பொது மருத்துவத் துறை பல யூனிட்களாகப் பிரிந்திருக்கும். சீஃப், உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி. டாக்டர்கள், ஹவுஸ் சர்ஜன்கள் எல்லாரும் சேர்ந்தது ஒரு யூனிட். நீங்கள் சேர்ந்த நாளில் எந்த யூனிட்டுக்கு அட்மிஷன் முறையோ, பொதுவாக அதுதான் உங்களுக்குப் பொறுப்பு. யூனிட் பெயரைக் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு யாரிடம் விசாரித்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சரி, அதே கேள்வியை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்? முதல்முறை விட்டுப்போனது மூன்றாவது முறை வாயில் வரும் என்பதால்தான். “புதர் பக்கம் வேலைக்குப் போனீங்களா?” என்ற கேள்விக்குக் கிடைக்கும் ‘ஆமா’ சிகிச்சையையே மாற்றிவிடலாம். புதர்களில் இருக்கும் ஒருவகைப் பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலை வேலூர் டாக்டர்கள் நன்றாக அறிவார்கள். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். அது பெரும்பாலும் வலிக்காது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ ஒளிந்திருந்தால் நோயாளிக்கே தெரியாது. தலை முதல் கால்வரை பொறுமையாகப் பார்க்கிற டாக்டர் கண்ணில்தான் படும்.

இந்தக் காய்ச்சல் முற்றியவர்களுக்கு எந்த மருந்து நல்லது என்று, வேலூர் சி.எம்.சி. தலைமையில் 7 மையங்களில் 794 நோயாளிகளிடம் ஆய்வு நடந்தது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஊசிவழி கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிறந்தது என்று 2023-ல் முடிவு வெளியானது.

வார்டில் ஆபத்தான நேரம் எது என்றால், டியூட்டி மாறும் நேரம். பகலில் பார்த்தவருக்குத் தெரிந்தது எல்லாம் இரவில் வருபவருக்குப் போய்ச் சேர வேண்டும். இந்தக் கைமாற்றத்தை ஒரு ஒழுங்குமுறைப்படி செய்து பார்த்த அமெரிக்க, கனடிய குழந்தை மருத்துவப் பயிற்சி மையங்கள் ஒன்பதில், மருத்துவத் தவறுகள் 23% குறைந்தன. 2014-ல் வெளியான ஆய்வு அது. அமெரிக்காவில் வார்டு நோயாளிகளை மட்டும் பார்ப்பதற்கென்றே ‘ஹாஸ்பிடலிஸ்ட்’ என்ற தனி டாக்டர்கள் உண்டு. 1996-ல் பிறந்த பெயர். இங்கே அந்த வேலையின் பெரும்பகுதி யூனிட் பி.ஜி. தலையில்தான். சிறிய நர்ஸிங் ஹோம் என்றால் பெரிய டாக்டர் காலையும் மாலையும் வந்து போவார், இரவில் இருப்பவர் டியூட்டி டாக்டர். இரவு நிலைமை மோசமானால் யாரை அழைப்பார்கள் என்று முன்பே கேட்பதில் தப்பே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை: எல்லா முடிவும் எடுக்கப்படும் ரவுண்ட்ஸ் நேரத்தில்தான் அட்டெண்டரை வெளியே அனுப்புவார்கள். முடிந்ததும் யூனிட் பி.ஜி.யைப் பிடியுங்கள். வீட்டிலிருந்து ஒருத்தர் மட்டும் பேசினால் போதும். சித்தப்பா ஒருமுறை, மாமா ஒருமுறை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வீட்டுக்குப் போகும்.

டிஸ்சார்ஜ் அன்று பில் அவசரத்தில் பலர் கோட்டைவிடுவது, ஏற்கெனவே சாப்பிட்டுவந்த பி.பி., சுகர் மாத்திரைகளை. எதைத் தொடரணும், எதை நிறுத்தணும், எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வரணும் — இதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். அதை போனில் படம் எடுத்துவைத்தால், அடுத்த வாரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். மலையிலிருந்து மறுபடி வேலூர் வருவதற்கு ஒரு நாள் கூலி போய்விடும்.