ராத்திரி தூங்காத பாப்பாவை எப்படிப் பழக்குவது?

“பகலெல்லாம் தூங்குது, ராத்திரி ஆனா முழிச்சுக்கிட்டு விளையாடுது.” கைக்குழந்தை உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பாப்பா மேல் தப்பில்லை. பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. உடலின் கடிகாரம் ஒழுங்காக ஓடத் தொடங்கவே சுமார் 3 மாதம் ஆகும். அதைப் பழக்குவது வெளிச்சம்தான். காலையில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், வெயில் ஏறும் முன் முற்றத்தில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். இரவில் டியூப்லைட்டை அணைத்து, பேச்சைக் குறைத்துப் பால் கொடுங்கள். வயிறு சின்னது என்பதால் 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பால் கேட்பது இயல்பு. அதை நிறுத்தப் பார்க்காதீர்கள்.

கோவில்பட்டி பக்கம் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் அம்மாக்களுக்கு வேறொரு சிக்கல். பொழுது சாய்ந்து வீடு திரும்பினால்தான் பிள்ளை அம்மா முகத்தையே பார்க்கிறது, அப்புறம் எப்படி உடனே தூங்கும்? கொஞ்ச நேரம் விளையாட விடுங்கள். பிறகு உடம்பு துடைப்பது, சாப்பாடு, தாலாட்டு எல்லாம் தினமும் ஒரே வரிசையில் நடக்கட்டும். பகலில் பார்த்துக்கொள்ளும் ஆச்சியிடமும், ஒரு வயது தாண்டிய பிள்ளையைச் சாயங்காலம் வெகுநேரம் தூங்க விட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

கரிசல் காட்டுக் கோடையில் வெயில் இறங்கிய பிறகும் சுவர் சூடு குறையாது. ஒரே ஒரு மெல்லிய பருத்தித் துணி போதும். 6 மாதம் ஆகாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலையே அடிக்கடி கொடுங்கள்.

தூளி கட்டாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் சேலைக்குள் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் அழுந்தினால் சின்னக் குழந்தைக்கு மூச்சு அடைபடலாம். அதனால் தூளியில் கிடக்கும்போது ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூங்கியதும் தலையணை இல்லாத சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தூளி வேலை முடிந்ததும் சேலையை அவிழ்த்துவிடுங்கள். நடக்கிற பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடும்போது கழுத்து இறுகும் ஆபத்து உண்டு.

தூங்க வைக்க சளி மருந்து ஊற்றும் பழக்கம்தான் எல்லாவற்றையும்விடப் பயமுறுத்துகிறது. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் சேர்ந்த கூட்டு மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என லேபிளில் அச்சிடும்படி, 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டார். டாக்டர் எழுதித் தராத எந்த சிரப்பும் வேண்டாம்.

செல்போன் கொடுத்தால் அழுகை நிற்கும், தூக்கம் தள்ளிப்போகும். 2 வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். பகல் தூக்கத்தையும் சேர்த்து 3 மாதம் வரை 14 முதல் 17 மணி நேரம், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16, ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் தேவை என்றும் அது சொல்கிறது. ஒரு மணி நேரம் முன்பின் இருந்தால் பதறாதீர்கள்.

தினமும் சத்தமாகக் குறட்டை விட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு நின்று நின்று வந்தாலோ, பால் குடிக்க எழுப்பியும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வண்டிக்கு 108, சந்தேகம் கேட்க 104. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.