தூசுக்கும் கணக்கு உண்டு

கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடிப்பேன். ஆனால், யாழ்ப்பாணத்திலுள்ள என் ஹாட்வெயார் கடையில் அஸ்பெஸ்டஸ் சீற் வெட்டும் தம்பியின் நெஞ்சுக்குள் எவ்வளவு தூசு போகிறதென்று கணக்குப் பார்த்ததில்லை. அவன் இருமத் தொடங்கிய பிறகே விசாரித்தேன்.

ஆய்வுகூடங்களில் இதை அளக்கிறார்கள். வேலையாளின் இடுப்பில் சிறிய பம்ப், கழுத்தருகே வடி. அதில் படிந்ததை ஆராய்கிறார்கள். நீளமான காபன் நனோக் குழாய்கள் எலிகளின் உடலில் அஸ்பெஸ்டஸ் போலவே தீங்கு செய்வதை 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. 2013இல் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் அவற்றுக்குப் பரிந்துரைத்த எல்லை, 8 மணி நேரச் சராசரியாக, ஒரு கன மீற்றர் காற்றில் 1 மைக்ரோகிராம்தான்.

நம்மிடம் அந்தக் கருவி இல்லை. ஆகவே கடையில் சீற் வெட்டுவதையே நிறுத்திவிட்டேன். சில வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். போகட்டும். வியாபாரிகளே, தொழிலாளியின் மூச்சு நம்மிடமுள்ள அமானிதம்.