பொறியும் அறிவும்

தமிழிலே பொறி என்னுஞ் சொல் இயந்திரத்தையுங் குறிக்கும். கண், செவி முதலிய ஐம்பொறிகளையுங் குறிக்கும். ஐம்பொறிகள் தாமே அறிவன அல்ல, அவற்றின் வாயிலாக அறியும் உயிர் வேறு உண்டு என்பது சைவசித்தாந்த நூலோர் துணிபு. இனி, இயந்திரமாகிய பொறிக்கு அறிவு உண்டோ என்னும் வினாவை ஆராய்ச்சிக்குரிய வடிவிலே நிறுத்தியவர் இங்கிலாந்து நாட்டுக் கணிதப் பேரறிஞர் அலன் ரியூறிங் ஆவர். 1950 ஆம் ஆண்டில் ‘மைன்ட்’ என்னும் மெய்யியற் சஞ்சிகையில் அவர் வரைந்த கட்டுரையே இன்றுவரை நிகழும் விவாதத்துக்குத் தோற்றுவாயாகும்.

பொறி சிந்திக்குமா என வாளா வினவுவதிற் பயனில்லை என்பது அவர் கருத்து. ஆகவே அவ்வினாவை விலக்கி, அதன் இடத்தில் ஒரு விளையாட்டை வைத்தார். வினாவுவோன் ஓர் அறையில் இருப்பான். மனிதன் ஒருவனும் பொறியொன்றும் வேறிடத்தில் இருப்பர். உருவமுங் குரலும் மறைக்கப்பட, வினாவும் விடையும் தட்டச்செழுத்தில் மட்டும் நிகழும். இருவருள் மனிதன் யாவன் என வினாவுவோன் துணிதல் வேண்டும். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில், ஐந்து நிமிடம் வினாவிய சராசரி மனிதன் சரியாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 70 இற்கு மேற்படாத அளவுக்குப் பொறிகள் வளரும் என்றும் அவர் எதிர்வு கூறினார்.

அக்கட்டுரையில் வரும் மாதிரி உரையாடல் ஊன்றி நோக்கற்பாலது. 34957 உடன் 70764 ஐக் கூட்டுமாறு கேட்கப்படுகின்றது. ஏறத்தாழ 30 வினாடி தாமதித்தபின் 105621 என்று விடை வருகின்றது. சரியான விடையோ 105721. வினாவுவோனை மயக்கும்பொருட்டுப் பொறி வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தும் என்று ரியூறிங் அக்கட்டுரையிலேயே பின்னர்க் கூறுதலின், இதனை அச்சுப்பிழையெனத் தள்ளிவிடல் ஆகாது. கணக்கிலே வல்ல பொறி மனிதனாகத் தோன்றும்பொருட்டுத் தன் வல்லமையை ஒளிக்கின்றது. அங்ஙனமாயின் இங்கு அளக்கப்படுவது அறிவா, வேடமா?

பிறருடைய அறிவை எவருங் காட்சியளவையால் அறிவதில்லை என்பதை ரியூறிங் நன்குணர்ந்திருந்தார். சொல்லையுஞ் செயலையுங் கண்டு உள்ளே அறிவு உண்டெனக் கருதலளவையாற் கொள்வதே உலக வழக்கு. மலைமேற் புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிதல் இதற்கு நம் தருக்க நூலார் காட்டும் உதாரணம். ஆனால் அவ்வனுமானம் நிற்கவேண்டின் புகைக்கும் நெருப்புக்கும் நீங்காத் தொடர்பு இருத்தல் வேண்டும். மூடுபனியைப் புகையென்று கொண்டவன் நீர்க்குடத்துடன் மலையேறி இளைத்து மீள்வான். உரையாடுந் திறன் புகையா, பனியா என்பதே இச்சோதனை பற்றிய வழக்கின் உயிர்நிலை.

இவ்வழக்குக்கு வழிகாட்டுவது ஒரு குதிரை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பேர்லின் நகரில் வான் ஒஸ்ரன் என்னும் ஆசிரியர் வளர்த்த ஹான்ஸ் என்ற குதிரை, கூட்டல் கழித்தற் கணக்குகளுக்குக் குளம்பால் நிலத்தைத் தட்டி விடையளித்தது. வஞ்சகம் ஏதுமில்லை என்று அறிஞர் குழுவொன்றும் கண்டது. ஒஸ்கார் புங்ஸ்ற் என்னும் உளவியலாளர் இரண்டே மாற்றங்களைச் செய்தார்: விடை தெரியாதவரைக் கொண்டு வினாவச் செய்தார், வினாவுவோரைக் குதிரை காணாதபடி மறைத்தார். குதிரை தோற்றது. சரியான எண் வந்ததும் வினாவுவோர் தம்மையறியாமற் செய்த சிறு தலையசைவையே அது கண்டு நின்றது. 1907 இல் வெளியான அவரது ஆய்வு, விடை சரியாயிருத்தல் மட்டும் போதாது, அது எவ்வழியாக வந்தது என்பதைப் பிரித்தறியுஞ் சூழ்நிலையுஞ் சோதனையில் வேண்டும் என்பதை நாட்டியது.

கணிப்பொறியிலும் இதுவே நிகழ்ந்தது. 1966 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த யோசேப்பு வைசன்பாம் ‘எலைசா’ என்னும் நிரலை வெளியிட்டார். உளநல மருத்துவர் போல, பேசுவோர் சொற்களையே வினாவாகத் திருப்பிக் கேட்பதன்றி அதற்கு வேறொன்றுந் தெரியாது. எனினும் மக்கள் அதனிடம் மனந்திறந்து பேசினர். அவருடைய செயலாளரோ உரையாடலின்போது அவரை அறையை விட்டு வெளியேறும்படி கேட்டார். 2014 இல் இலண்டனில் பதின்மூன்று வயதுச் சிறுவனாக வேடம் பூண்ட நிரலொன்று மத்தியஸ்தருள் நூற்றுக்கு 33 பேரை நம்பவைத்தது. சிறுவனென்றால் அறியாமையும் மொழிப்பிழையும் மன்னிக்கப்படும் என்பதே அதன் சூழ்ச்சி. 2025 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துச் சான் டியேகோ ஆய்வாளர் வெளியிட்ட சோதனையில், மனித வேடம் பூணுமாறு பணிக்கப்பட்ட மொழிப் பொறியொன்று நூற்றுக்கு 73 முறை மனிதனெனவே கொள்ளப்பட்டது. பழைய எலைசாவும் 23 முறை கொள்ளப்பட்டது. பின்னைய எண் பொறியைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது.

சீனமொழி அறியாதவன் விதிநூல் ஒன்றைப் பார்த்துச் சீன எழுத்துக்களுக்குச் சீன எழுத்துக்களால் விடையனுப்பினால் அவன் மொழியறிந்தவனாவனோ என்று யோன் சேர்ள் 1980 இல் வினவினார். அறிவது அவனன்று, நூலும் அறையும் அவனுஞ் சேர்ந்த தொகுதியே என்பார் ஒருசாரார். இவ்வழக்கு தீர்ந்தபாடில்லை, சோதனையால் தீரக்கூடியதுமன்று.

சோதனைக்கு இடந்தருவது பிறிதொரு வழி. 2019 இல் பிரான்சுவா சொலே என்பவர், அறிவு என்பது கற்றவற்றின் தொகையன்று, முன் காணாததைச் சில உதாரணங்கொண்டு கற்குந் திறனே என வாதித்து, நிறக்கட்டங்களாலான புதிர்த்தொகுதி ஒன்றை வகுத்தார். சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்களை நெட்டுருப் பண்ணிய மாணவனையும் பாடத்தை உணர்ந்தவனையும் பிரிக்கப் புதுவினா இடும் ஆசிரியர் வழியும் இதுவே. 2024 இறுதியில் ஒரு பொறி அப்புதிர்களில் நூற்றுக்கு 75 இற்கு மேற் பெற்றது. 2025 இற் கடினமான இரண்டாந் தொகுதி வந்தது. 1997 இற் சதுரங்க வீரர் கஸ்பாறொவ் பொறியிடம் தோற்றபின் சதுரங்கம் அறிவின் அடையாளமன்று எனப்பட்டதுபோல, எல்லைக்கல்லைப் பின்னுக்கு நகர்த்துவதே இது என்பர் சிலர். அக்குற்றச்சாட்டு முற்றும் பொருந்தாது. தேர்வுக்கென்றே பயிற்றப்பட்ட மாணவனுக்கு இன்னொரு வினாத்தாள் கொடுப்பது அநீதியன்று. ஆயின் அதிலும் அவன் தேறினால், முதல் வினாத்தாளிலேயே அவன் எதனை அறிந்திருந்தான் என்பதைத் தேர்வாளர் மீண்டும் எடுத்து நோக்கக் கடமைப்பட்டவராவர்.