திருத்தாத விளிம்பு
மரமும் மனிதரும் – தொடர் 7

வட்டமான அடிமரத்தின் நான்கு புறத்தையும் வாளால் நேராக்கிச் சதுரித்த பிறகே அளவும் குறியும் வைப்பது தச்சுத்தொழிலின் நெடுநாள் வழக்கம். இதற்கு மாறாக, மரம் நின்றபோது அதன் புறத்தில் இருந்த வளைவையும் புடைப்பையும் அப்படியே மேசையின் ஓரமாக நிறுத்திக்கொள்ளும் அறைகலன் முறை 'இயற்கை விளிம்பு' முறை எனப்படுகிறது. கடைகளில் 'லைவ் எட்ஜ்' என்ற பெயரில் விற்கப்படுவதும் இதுவே. விளிம்பைச் செதுக்காமல் விடுவதால் இதில் தச்சரின் உழைப்பு குறைவு என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், உண்மையில் உழைப்பு குறைவதில்லை, இடம் மாறுகிறது. மரத்தைத் தேர்வதிலும், அறுப்பதிலும், உலர்த்துவதிலும், அதன் வெடிப்பைக் கட்டுக்குள் வைப்பதிலும் அந்த உழைப்பு சென்று சேர்கிறது.

அடிமரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும். வெளியே இருப்பது பட்டை. அதற்குள் வேரிலிருந்து நீரைக் கொண்டுசெல்லும் வெளிர்நிறப் பகுதி வெளிறு; தச்சர்கள் இதை 'வெள்ளை' என்பார்கள். நடுவில், நீர் கடத்தும் வேலையை முடித்துவிட்டு மரத்தைத் தாங்கி நிற்கும் கருமையும் உறுதியும் கொண்ட பகுதி வைரம். வைரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெள்ளையைக் கழிப்பது பொதுவான முறை என்றால், இயற்கை விளிம்பு முறையில் வெள்ளை ஓரமாகவும் வைரம் நடுவாகவும் நின்று, இரண்டின் நிற வேறுபாடே மேசையின் அலங்காரமாகிறது. மாவுச்சத்து மிகுந்த வெள்ளையைப் பூச்சி எளிதில் துளைக்கும் என்பதால், பட்டையை முழுவதும் உரித்து, வெள்ளைக்குப் போராக்ஸ் கரைசல் போன்ற காப்பு தருவது இம்முறையில் தவிர்க்க முடியாத கூடுதல் வேலை.

புதுச்சேரியிலிருந்து பென்சில்வேனியா வரை

இந்த முறைக்கு இருபதாம் நூற்றாண்டில் உலகப் புகழ் பெற்றுத் தந்தவர்களில் முதன்மையானவரான ஜார்ஜ் நகாஷிமாவுக்குத் தமிழ் மண்ணோடு நேரடித் தொடர்பு உண்டு. 1905இல் அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்து, கட்டடக்கலை பயின்ற அவர், டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் பணியாற்றினார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்காக ரேமண்ட் வடிவமைத்த 'கோல்கொண்டே' விடுதியின் கட்டுமானத்தைக் கவனிக்க 1937 அளவில் அங்கே வந்தவர், சில காலத்திலேயே ஊதியத்தைத் துறந்து ஆசிரமவாசியானார். அரவிந்தர் அவருக்குச் சூட்டிய பெயர் சுந்தரானந்தா. இந்தியாவின் தொடக்ககால வலுவூட்டிய கான்கிரீட் கட்டடங்களில் ஒன்றாகிய கோல்கொண்டேயின் அறைகளில் தேக்குச் சட்டங்களால் ஆன சறுக்குக் கதவுகள் பொருத்தப்பட்டன.

1939இல் இந்தியாவை விட்டுச் சென்று அமெரிக்கா திரும்பிய நகாஷிமாவின் வாழ்க்கையைப் போர் திசைமாற்றியது. 1942இல் அந்நாட்டு அரசு ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரைத் தடுப்பு முகாம்களில் அடைத்தபோது, அவரும் மனைவியும் கைக்குழந்தையும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அதே முகாமில் இருந்த கெண்டாரோ ஹிகோகாவா, ஜப்பானிய மரபுத் தச்சில் தேர்ந்தவர். அவரிடம் நகாஷிமா கைக்கருவிகளையும் ஆணியில்லா இணைப்புகளையும் கற்றார். கட்டுமானத்தில் மிஞ்சிய துண்டுப் பலகைகளும் பாலைநிலப் புதர்க் கட்டைகளுமே அவர்களுக்குக் கிடைத்த மரம். 1943இல் ரேமண்டின் பொறுப்பேற்பால் விடுதலையாகிப் பென்சில்வேனியாவின் நியூ ஹோப் என்ற ஊரில் குடியேறிப் பட்டறை தொடங்கியபோதும், முதல்தரப் பலகை வாங்கும் வசதி அவருக்கு இல்லை. கணுவும் வெடிப்பும் கோணலும் உள்ளவை என்று வியாபாரிகள் ஒதுக்கியவற்றை எடுத்து, அவற்றின் குறைக்கு ஏற்ப மேசையின் வடிவத்தை அமைத்தார். பிற்காலத்தில் செல்வந்தர் வீடுகளின் அடையாளமாகிவிட்ட இந்த அழகியலின் ஒரு வேர், கழிவு மரத்தைத் தவிர வேறு கிடைக்காத ஒரு முகாமில் இருக்கிறது.

அறுக்கும் ஒரு நாள்

அறுவை மில்லில் மரம் வாளுக்குமுன் கிடத்தப்படும் நேரமே இயற்கை விளிம்பு மேசையின் வடிவம் முடிவாகும் நேரம். அடிமரத்தை எந்தப் பக்கமாகத் திருப்பி வாளைச் செலுத்துவது என்பதைப் பொறுத்தே உள்ளிருக்கும் ரேகை நேர்கோடுகளாகவோ அலைகளாகவோ வெளிப்படும். தவறாகச் செலுத்திய வாளைத் திரும்பப் பெற வழியில்லை. நகாஷிமா அறுவையின்போது உடனிருந்து தாமே வழிகாட்டும் வழக்கமுடையவர். அந்த வேலையை வைரக்கல் அறுப்பவரின் வேலைக்கு ஒப்பிட்டவர். கல்லுக்கும் மரத்தின் நெஞ்சுக்கும் 'வைரம்' என்ற ஒரே சொல்லை வழங்கும் தமிழில் அந்த ஒப்புமை ஒப்புமையாகவே தோன்றாது.

சாதாரண வியாபாரத்தில் விலை குறைந்த பகுதி இம்முறையில் விலை மிகுந்ததாக மாறுவதும் உண்டு. அடிமரம் இரண்டாகப் பிரியும் கவையில் இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்வதால் அது சட்டத்துக்கும் நிலைக்கும் உதவாது. ஆனால் அங்கே அறுத்த பலகையில் மயில்தோகை விரிந்ததுபோன்ற ரேகை கிடைக்கும். ஒரே மரத்திலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரு பலகைகளைப் புத்தகத்தின் இரு பக்கங்கள் போல விரித்து ஒட்டினால், ஒன்றன் ரேகை மற்றதன் நிழலாக அமையும். இதற்காகவே ஒரு மரத்தின் பலகைகள் அனைத்தும் அறுத்த வரிசை கலையாமல் ஒன்றாக அடுக்கி வைக்கப்படுகின்றன.

காத்திருப்பின் கணக்கு

அப்போது வெட்டிய மரத்தில் உள்ள நீர், உலர்ந்த கட்டையின் எடையில் பாதிக்கு மேலும், சில இனங்களில் அந்த எடைக்குச் சமமாகவும் இருக்கும். இந்த நீர் இருவகைப்படும். இழைகளின் உட்குழிவில் தேங்கிய நீர் முதலில் வெளியேறும். அதுவரை பலகை சுருங்காது. நீரளவு சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, இழைச்சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் சுருக்கம் தொடங்கும். அச்சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றல்ல: நீளவாக்கில் மிகச் சிறிதே சுருங்கும் மரம், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் மிகுதியாகவும், மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் அதைவிடக் குறைவாகவும் சுருங்கும். நகாஷிமா பெரிதும் பயன்படுத்திய அமெரிக்கக் கருவாதுமை மரம் முழுவதும் உலரும்போது வளையத்தை ஒட்டிய திசையில் 7.8 விழுக்காடும் பட்டை நோக்கிய திசையில் 5.5 விழுக்காடும் சுருங்கும். 3 அடி அகலப் பலகை ஒன்று வீட்டுக்குள் வைக்கும் நிலைக்கு உலர்வதற்குள் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை அகலம் இழக்கும் என்பது இதன் பொருள். பலகை கோணுவதும் நடுவில் வெடிப்பதும் இந்த இரு சுருக்கங்களின் இழுபறியால்தான்.

ஆகவே பலகைகளின் வெட்டுமுனைகளில் மெழுகோ வண்ணமோ பூசி, அவற்றுக்கிடையே ஒரே கனமுள்ள சிறு சட்டங்களை வைத்து, வெயிலும் மழையும் படாமல் காற்று மட்டும் புகுமாறு அடுக்கிவைப்பது முறை. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. வெப்ப அறையில் உலர்த்தினால் இக்காலம் பெரிதும் குறையும்.

உடுக்கை ஆப்பு

எவ்வளவு கவனித்தாலும் அகன்ற பலகையில் வெடிப்பு வரும். அதைப் பசையால் நிரப்பி மறைக்காமல், மேலும் விரியாதபடி நிறுத்துவதற்கு நகாஷிமா பயன்படுத்திய உத்தியை மேலைநாட்டார் வண்ணத்துப்பூச்சி இணைப்பு என்பர். தமிழ் வாசகர் உடுக்கையை நினைத்துக்கொண்டால் போதும். இரு முனைகளும் அகன்று இடை சிறுத்த ஒரு கடினமரத் துண்டை, அதன் இழை வெடிப்புக்குக் குறுக்கே ஓடுமாறு, அதே அளவில் குடைந்த பள்ளத்தில் இறுக்கி அடிக்கும்போது, அகன்ற முனைகள் வெடிப்பின் இரு கரைகளையும் பிடித்துக்கொள்கின்றன. பெரும்பாலும் ஈட்டி போன்ற அடர்நிற மரத்தில் செய்யப்படும் இந்த ஆப்பு, தன்னை மறைத்துக்கொள்வதுமில்லை. மேசையின் மேற்பலகையைக் காலோடு இணைக்கும் இடத்திலும் இதே அறிவு வேண்டும்: மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்கும் பலகைக்கு அசைய இடம்தரும் நீள்துளை இல்லாமல் திருகாணியால் முடுக்கிவிட்டால், அடுத்த கோடையில் அது வெடித்துவிடும்.

விழுந்த மரத்தின் முதல் நாள்

நகாஷிமா 1990இல் மறைந்தார். உலகின் ஒவ்வொரு கண்டத்திலும் ஓர் அமைதி மேசை இருக்கவேண்டும் என்ற அவருடைய எண்ணத்தின்படி, 1986இல் நியூயார்க்கின் புனித ஜான் பேராலயத்தில் முதலாவது நிறுவப்பட்டது. ஆசியாவுக்கான மேசை 1996இல் ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது.

அந்த மேசை இருக்கும் கடற்கரை, புயல்களின் பாதையும்கூட. 2011 டிசம்பரில் தானே புயல் புதுச்சேரியிலும் கடலூரிலும், 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தன. நம் சாலையோரங்களில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம், அகன்ற பலகையும் கரும்பழுப்பு வைரமும் மெல்லிய வெள்ளையும் கொண்டு, உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்குவதால், இயற்கை விளிம்பு மேசைக்கு மிகப் பொருத்தமானது. பூவரசும் வேம்பும் சிறு இருக்கைகளுக்கு ஏற்றவை. ஆயினும் புயலுக்கு மறுநாள் சாலையைத் திறக்கும் அவசரத்தில் இரண்டு மூன்று அடித் துண்டுகளாக அறுக்கப்படும் அடிமரம், அதன் பிறகு எந்தத் தச்சரின் கையிலும் விறகுக்கு மேல் மதிப்புப் பெறாது. சாலையை மறிக்கும் கிளைகளை உடனே நீக்கிவிட்டு, அடிமரத்தை மட்டும் ஏழெட்டு அடி நீளத்தில் அறுத்து, முனைகளில் மெழுகு பூசி, நிழலான ஓரிடத்தில் கிடத்திவைக்க உள்ளாட்சி அமைப்புகள் ஏற்பாடு செய்தால், நூறாண்டு நின்ற மரம் இன்னொரு நூறாண்டு நூலகத்திலும் பள்ளியிலும் மேசையாக நிற்கும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. வாள் பிடிப்பவரிடம் ஓர் அளவுநாடா இருந்தால் போதும்.

(தொடரும்)